யு.டி.ஐ.டி. அட்டை: சேவை நல்லது, அதில் வரும் தமிழ்தான் இடிக்கிறது

திருவொற்றியூரிலிருந்து கொளத்தூர் வரை, ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள ஒருவர் இருக்கும் வீட்டில் இன்னும் யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் தனி அடையாள எண் அட்டை) எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். 2021 ஜூன் 1 முதல் மாற்றுத்திறனாளி சான்றிதழே மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் கார்டு இணையதளம் வழியாகத்தான் வருகிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. வருமான வரிக் கழிவு, நிராமயா மருத்துவக் காப்பீடு, மாநில அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகை என்று எதற்குப் போனாலும் அந்த எண்ணைக் கேட்பார்கள். மடித்து மடித்து நைந்துபோன பழைய சான்றிதழைப் பிளாஸ்டிக் கவரில் தூக்கித் திரிந்த குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி.

மதிப்பெண் போடச் சொன்னால் அட்டைக்கு ஐந்துக்கு நான்கு. அதைச் சுற்றிப் புழங்கும் தமிழுக்கு ஐந்துக்கு ஒன்றரை. சொல்லில் என்ன இருக்கிறது, காரியம் நடந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. காரியமே அங்கேதான் கெடுகிறது. தப்பான சொல் தப்பான கட்டத்தில் டிக் போட வைக்கும். தப்பான டிக் தப்பான டாக்டரிடம் அனுப்பும். கடைசியில் கையில் வரும் சான்றிதழ், கேட்டுப்போன திட்டத்துக்குப் பொருந்தாது.

கையில் இருக்க வேண்டியவை: ஆதார், ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம், கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை, முகவரிச் சான்று, இதுவரை பார்த்த டாக்டர்களின் ரிப்போர்ட்டுகள். மணலி, மாதவரம், திருவொற்றியூர்க்காரர்கள் ஆதாரில் மாவட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதிகள் 2018இல்தான் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தன. இன்னும் திருவள்ளூர் என்றே இருந்தால் எந்த மாவட்டத்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது என்பதிலேயே குழப்பம் வரும். முகவரியைத் திருத்திவிட்டு விண்ணப்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

முதல் இடறல் இ-சேவை மையத்து மேசையில். "இன்னா குறைம்மா, மூளை வளர்ச்சியா, மெண்டலா?" என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் கெட்ட எண்ணம் கிடையாது. அவருக்குத் தெரிந்த சொற்கள் அவ்வளவுதான். ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. மனநோய், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு நான்கும் தனித்தனி. "மெண்டல்" என்ற ஒரே சொல்லில் நான்கையும் அடக்கினால் டிக் பெரும்பாலும் மனநோயில் விழும். நிராமயா காப்பீட்டை நடத்தும் தேசிய அறக்கட்டளையின் கீழ் வருபவை ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்ற நான்கு மட்டுமே. மனநோய் என்று சான்றிதழ் வாங்கியவர் 1 லட்சம் ரூபாய் வரையிலான அந்தக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

மனநோயும் அறிவுசார் குறைபாடும் ஒன்றில்லை என்று சட்டமே சொல்கிறது. மனநோய் என்பதன் வரையறையிலிருந்து அறிவு வளர்ச்சி சார்ந்த நிலையை அது வெளியே வைக்கிறது. வருத்தம் என்னவென்றால், அப்படி வெளியே வைக்கும் அதே வரியில் 'ரிடார்டேஷன்' என்ற பழைய சொல்லையே எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய சொல்லை ஓரங்கட்ட வந்த சட்டத்துக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் நீண்ட பெயரிலும் அதே சொல். சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனத்துக்குப் போகும் பெற்றோர் அந்தத் தாளைப் பார்த்து அதிர்ச்சியடைய வேண்டாம். அது சட்டத்தின் பெயர். உங்கள் பிள்ளைக்கு வைத்த பெயரில்லை.

கீழ்ப்பாக்கம் என்ற இடத்தின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கும் ஊர் இது. 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் பேச்சில் அப்படி ஒட்டிக்கொண்டது. அந்த வசவு விழுவது மனநோய் உள்ளவர் மேலும், அறிவுசார் குறைபாடு உள்ளவர் மேலும். இரண்டு பேருக்கும் அது அநியாயம்.

ஆகவே கிளம்பும் முன் ஒரு துண்டுத் தாளில், டாக்டர் ரிப்போர்ட்டில் இருக்கும் ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பிசகாமல் எழுதி எடுத்துப் போங்கள். பட்டியலில் அந்த வரியைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்களும் திரையைப் பாருங்கள். டவுன் சிண்ட்ரோம் இருந்தால் பட்டியலில் அந்தப் பெயரைத் தேட வேண்டாம், அதற்கென்று தனி வரி இல்லை. அறிவுசார் குறைபாடு என்பதில் போடுங்கள். 'மங்கோலியன் பேபி' என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். அந்தப் பெயரை விட்டுவிடச் சொல்லி 1961இலேயே மருத்துவ இதழில் அறிஞர்கள் எழுதினார்கள். மங்கோலியாவின் வேண்டுகோளுக்குப் பிறகு 1965இல் உலக சுகாதார நிறுவனமும் அதைக் கைவிட்டது.

அதே விண்ணப்பத்தில் குறைபாட்டுக்கு என்ன காரணம் என்றும் கேட்பார்கள். மருந்து, தொற்று என்று விருப்பங்கள் வரிசையாக இருக்கும். ஆட்டிசத்துக்குத் தடுப்பூசியைக் காரணமாகக் காட்ட வேண்டாம். தடுப்பூசியோடு முடிச்சுப் போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. பிறவியிலேயே இருப்பதா என்ற கேள்விக்கு 'ஆம்' போடுங்கள். கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டோம், எங்கே தவறினோம் என்று அம்மாக்கள் அந்தக் கட்டத்தின் முன்னால் கலங்குவார்கள். அப்போது பக்கத்தில் இருப்பவர் கேட்க வேண்டியது தேதிகளை மட்டும்தான்.

இனி ஆட்டிசம். இந்தச் சேவையில் நம் மாநில அரசுத் தாள்கள் அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். ஆட்டிசத்துக்கு அரசு அறிவிப்புகளில் வரும் தமிழ்: 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்'. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நீளமாக இருப்பது ஒரு குறை, தப்பாக இருப்பது பெரிய குறை. எண்ணூர் விரைவுச் சாலையோரம் குடியிருக்கும் பையன், கன்டெய்னர் லாரியின் ஏர் ஹாரன் அடித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிறான். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் முன்பே இன்னொரு பெண் அடுக்களையை விட்டு ஓடிவிடுகிறாள். தீபாவளி நேரத்து வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைவீதியில் நடந்தால் ஒருவருக்கு ஒவ்வொரு பல்பும் கண்ணைக் குத்துகிறது. இவர்களுக்குப் புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வருகிறது. அவர்களைப் போய் 'புற உலகச் சிந்தனையற்ற' என்று முத்திரை குத்தினால், காதைப் பொத்தும் பிள்ளையைப் பார்த்து "அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஸ்பீக்கரை இன்னும் சத்தமாக வைப்பார்கள்.

'மன இறுக்கம்' என்ற சொல் செய்தித்தாள்களில் வரும். அதில் வேறு வகைக் கோளாறு. சாதாரணத் தமிழில் மன இறுக்கம் என்றால் டென்ஷன். "ஸ்கூலை மாத்துனா சரியாயிடும், ஊருக்குப் போய்ட்டு வந்தா சரியாயிடும்" என்று இரண்டு வருஷம் வீணாவது இந்தச் சொல்லால்தான். பேச்சுப் பயிற்சியும் அன்றாட வேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம். எங்கள் பரிந்துரை எளிது: 'ஆட்டிசம்' என்றே சொல்லுங்கள், எழுதுங்கள். ஷுகர், பிரஷர் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. அதில் இழிவும் இல்லை, தப்பான விளக்கமும் இல்லை.

ஆங்கிலத்தில் ஆளை முன்னால் சொல்வதா ('பெர்சன் வித் ஆட்டிசம்') ஆட்டிசத்தை முன்னால் சொல்வதா ('ஆட்டிஸ்டிக் பெர்சன்') என்று பெரிய விவாதம் உண்டு. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், அது தங்கள் அடையாளத்தின் பகுதி என்பதால் முன்னாலேயே சொல்லுங்கள் என்கிறார்கள். தமிழில் அடைமொழி எப்படியும் முன்னால்தான் வரும். அதனால் நமக்குப் பிரச்சினை வரிசையில் இல்லை, வினையில் இருக்கிறது. 'ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்ட', 'அவதிப்படும்', 'குன்றிய', 'அற்ற' எல்லாம் ஆளையே சேதாரப் பொருளாக்குகின்றன. 'உள்ள' என்ற சின்னச் சொல் போதும். ஆட்டிசம் உள்ள பையன். அறிவுசார் குறைபாடு உள்ள பெண்.

மருத்துவமனையில் ஆட்டிசத்துக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 40 கேள்விகள், ஆறு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. ஆறு பிரிவுகளில் ஒன்று முழுக்க முழுக்கப் புலன் உணர்வு பற்றியது: சத்தம், வெளிச்சம், தொடுதல், வாசனை. அதாவது சான்றிதழ் தரும் அளவுகோலே இவர்கள் புற உலகை எப்படி உணர்கிறார்கள் என்று தனியாக அளக்கிறது. அரசுத் தமிழ்ப் பெயர் அதைப் பொய்யாக்கிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சோதனையில் உங்கள் வாய்ச்சொல் நேரடியாக எண்ணாக மாறும் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். 1 என்றால் 20 சதவீத நேரம் வரை, 2 என்றால் 40 வரை, 3 என்றால் 60 வரை, 4 என்றால் 80 வரை, 5 என்றால் அதற்கு மேல், கிட்டத்தட்ட எப்போதும். பாட்டி "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கான், எப்பவாச்சும்தான் அப்படி" என்று பாசத்தில் சொன்னால் 4 வர வேண்டிய இடத்தில் 1 விழும். அப்பா ஆத்திரத்தில் எல்லாவற்றுக்கும் "எப்பவுமேதான் சார்" என்றாலும் தப்பு. ஒரு வாரம் முன்னதாகவே நோட்டில் குறியுங்கள்: நாளில் பத்து முறை கூப்பிட்டால் எத்தனை முறை திரும்புகிறான், கேட்ட கேள்வியையே எத்தனை முறை திருப்பிச் சொல்கிறான், வழி மாறிப் போனால் எவ்வளவு நேரம் அழுகிறான். அந்தத் தாளை டாக்டரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இதில் இன்னொரு நன்மை இருக்கிறது. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவன் குறைகளை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. பேசாத பிள்ளைக்குக் காது கேட்காது என்று நினைக்காதீர்கள். அவன் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருப்பான்.

காத்திருக்கும் கூடத்தில் கேட்க வேண்டிய முறை: "சார், பையனுக்கு ஆட்டிசம் இருக்கு, சத்தமும் கூட்டமும் தாங்க மாட்டான். வெளியே மரத்தடியில நிக்கிறோம், எங்க டோக்கன் வந்தா போன்ல கூப்பிடுறீங்களா?" "பாவம் சார், தெய்வக் குழந்தை, கொஞ்சம் பார்த்து விடுங்க" என்று கெஞ்சுவதைவிட இது வேகமாக வேலை செய்யும். என்ன வேண்டும் என்று ஊழியருக்குத் தெளிவாகப் புரிகிறது. காதுக்கு இயர் மஃப், பழகிய டப்பாவில் தின்பண்டம், தண்ணீர், கையில் வைத்துக்கொள்ளப் பிடித்த பொருள் ஒன்று. இவை மறக்கக் கூடாது.

அறிவுசார் குறைபாட்டுக்கு வருவோம். 'மனவளர்ச்சி குன்றிய' என்பது பழைய சொல். வடசென்னையில் பள்ளிப் பலகைகளிலும் நன்கொடை ரசீதுகளிலும் இன்னும் அழியவில்லை. அது பிறந்தபோது மரியாதைச் சொல்லாகத்தான் பிறந்தது. அதற்கு முன்னால் இருந்தவை 'மந்தம்', 'மூளை இல்லாதவன்'. ஆங்கிலத்திலும் இதே கதை. இடியட், இம்பிசைல், மோரான் மூன்றும் ஒரு காலத்தில் மருத்துவர்கள் அறிக்கையில் எழுதிய வகைப்பெயர்கள். அவை வசவாகத் தேய்ந்ததும் 'மென்டல் ரிடார்டேஷன்' வந்தது. அதுவும் தேய்ந்து, அமெரிக்காவில் 2010இல் சட்டம் போட்டே மாற்றினார்கள். நம் நாட்டில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த அந்தச் சொல்லின் இடத்துக்கு 2016இல் 'இன்டலெக்சுவல் டிஸபிலிட்டி' வந்தது. தமிழில் 'அறிவுசார் குறைபாடு'. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்பாடு 2022 முதல் 'அறிவு வளர்ச்சிக் கோளாறுகள்' என்ற பொருளில் வேறு பெயர் சொல்கிறது. எப்படியும் மாறும், அப்புறம் எதற்கு இந்தப் பாடு என்று விட்டுவிட முடியாது. அந்தந்தக் காலத்தில் அந்த ஆளுக்கு எது வலிக்காதோ அதைச் சொல்வதுதான் மரியாதை. வேட்டியைத் துவைத்துத் துவைத்துக் கட்டுவது போலத்தான் இதுவும்.

'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது கருணாநிதி முதல்வராக இருந்தபோது. பொதுப் பெயராக அது நன்றாக வேரூன்றிவிட்டது, பஸ்ஸில் கண்டக்டர் வாயில்கூட வருகிறது. ஆனால் விண்ணப்பத்தில் அது மட்டும் போதாது. என்ன வகை என்று எழுதாத தாள் திரும்பி வரும்.

சதவீதத்தில் ஒரு சொல் குடும்பங்களை ஏமாற்றுகிறது: 'மிதமான'. அறிவுசார் குறைபாட்டுச் சோதனையில் கிடைக்கும் சமூக முதிர்ச்சி எண் (அன்றாடத் திறன்களின் அளவு) 55 முதல் 69 வரை என்றால் லேசானது, 50 சதவீதம். 36 முதல் 54 வரை 'மாடரேட்', 75 சதவீதம். இந்த மாடரேட்டைத்தான் 'மிதமான' என்று சொல்கிறார்கள். நம் பேச்சில் மிதமான சூடு, மிதமான காரம் என்றால் கொஞ்சம் என்று பொருள். "மிதமாதான் இருக்காம், பயமில்லை" என்று வீட்டுக்கு வந்து, பயிற்சிக்கு அனுப்பாமல் விட்டவர்கள் உண்டு. சொல்லை விட்டுவிட்டு எண்ணைக் கேளுங்கள்: "எத்தனை பர்சன்ட் மேடம்?" பெரும்பாலான திட்டங்களுக்கு வாசல் 40 சதவீதம். அட்டையின் நிறமும் அந்த எண்ணைப் பொறுத்ததுதான்: 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம்.

ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் அறிவுசார் குறைபாடு என்று எழுத மாட்டார்கள், 'வளர்ச்சித் தாமதம்' என்று வரும். ரயில் தாமதம் மாதிரி எப்படியும் வந்து சேரும் என்று எடுத்துக்கொள்ளாமல் பயிற்சியை உடனே தொடங்க வேண்டும். ஐந்து வயதுக்குப் பிறகு மறு மதிப்பீடு, 10 வயதில் புதுப்பித்தல், 18 வயதில் மீண்டும் ஒரு முறை. 18இல் தருவது ஆயுளுக்கும் செல்லும்.

அந்தப் பதினெட்டு வயது மதிப்பீட்டில் அடிக்கடி காயப்படுத்தும் வாக்கியம் ஒன்று: "வயசு 18, ஆனா மூளை அஞ்சு வயசுதான்." சோதனை தருவது அன்றாடத் திறன்களின் சராசரிக் கணக்கு. மீசை முளைத்து, மீன் மார்க்கெட்டில் அம்மாவுக்குப் பை தூக்கி, ஐ.பி.எல். ஸ்கோர் சொல்லும் ஒருவர் ஐந்து வயதுப் பிள்ளை ஆகிவிட மாட்டார். "அது சாப்பிட்டுச்சா, அது தூங்குச்சா" என்பது கைக்குழந்தைக்குக் கொஞ்சல். வளர்ந்தவருக்கு அவமானம். நல்ல ஊழியர்கள் "வாங்க தம்பி, உங்க பேர் என்ன?" என்று அவரிடமே கேட்டுவிட்டு, பத்து எண்ணும் நேரம் காத்திருக்கிறார்கள். பதில் வராவிட்டால்தான் அம்மா பக்கம் திரும்புகிறார்கள். இந்தப் பத்து நொடிக்காகவே சில மருத்துவமனைகளுக்கு முழு மதிப்பெண் தரலாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பெயர், முகவரி, புகைப்படம் பிழையானால் தளத்திலேயே திருத்தக் கேட்கலாம். குறைபாட்டு வகை பிழையானால் அது அவ்வளவு லேசில் நடக்காது. மேல்முறையீடு, மறு மதிப்பீடு என்று அலைச்சல். அதனால் டாக்டர் அறையை விட்டு வெளியே வரும் முன், "சார், டைப் என்னன்னு போட்டிருக்கீங்கன்னு ஒரு தடவை காட்டுங்க" என்று கேளுங்கள். உங்கள் துண்டுத் தாளில் இருக்கும் சொல்லும் திரையில் இருக்கும் சொல்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். பிறகு சதவீதம், பிறகு எந்தத் தேதி வரை செல்லும் என்பது. மூன்றும் சரியாக இருந்தால் வீட்டுக்குக் கிளம்பலாம். அட்டை தபாலில் வரும். அதுவரைக்கும் தளத்திலிருந்து இறக்கிய மின் அட்டையே போதும்.